முக்காலிக்கு மூன்றாவது கால்

போன வாரம் டேப்பை நாம் விட்டுவிட்டு வந்தது அவளுடைய ஆபீஸ் நாற்காலியில். கணினித் திரையில் அப்பாவின் பெயரைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த தேநீரைக் குடிக்கவும் மறந்து, கீழே வைக்கவும் மறந்து உட்கார்ந்திருந்தாள்.

ஆறு நாள் ஓடிவிட்டது. வியாழக்கிழமையும் வந்துவிட்டது.

டேப்பு என்பது வீட்டில் வைத்த செல்லப்பெயர். கைப்பையில் எப்போதும் அளவு டேப்பு வைத்திருப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? வங்கி வீட்டுக்கடன் கொடுப்பதற்கு முன்னால், அந்த வீடு என்ன விலை பெறும் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. அதற்கு ஒரு விதி உண்டு. அதே கட்டடத்தில் ஆறு மாதத்துக்குள் நடந்த மூன்று விற்பனைகளைக் காட்ட வேண்டும். ஆபீஸில் அதற்கு முக்காலி என்று பெயர். மூன்று காலும் இருந்தால்தான் விலை நிற்கும்.

விற்பனைப் பட்டியலில் வீட்டு எண் இருக்கும், பரப்பு இருக்கும், தேதி இருக்கும், விலை இருக்கும். வாங்கியவர் பெயரும் விற்றவர் பெயரும் மட்டும் இருக்காது. பெயர் தெரிந்தால் மதிப்பீட்டாளர் முகதாட்சண்யம் பார்த்துவிடுவாராம். அதனால்தான் ஒன்றரை வருடத்துக்கு முன்னால், கால்வாய்க் கரையில் நிற்கும் அந்த இருபது மாடி டவரில் நூற்றுத் தொண்ணூறு வீடுகளுக்கு அவள் மதிப்புப் போட்டபோது, முக்காலியின் மூன்றாவது காலாக நின்ற பதினான்கு-சியை வாங்கியது யார் என்று அவளுக்குத் தெரியாமல் போயிற்று. போன வாரம் வங்கிக்காரர்கள் கைதவறி முழுக் கோப்பையும் அனுப்பிவிட, குட்டு உடைந்தது.

இந்த ஆறு நாளும் அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடம்கூட இல்லை. தம்பி போனில் பேசும்போது மட்டும், வேறு ஏதோ பேச்சுக்கு நடுவே, "டவர் முழுக்க மறுபடியும் மதிப்புப் போடச் சொல்வாங்க போலிருக்குடா" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அவன் "அப்படியா" என்றான். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

வியாழன் காலை எட்டு மணிக்கு அவள் அப்பா வீட்டுக் கதவைத் தட்டினாள்.

அப்பா முப்பத்தோரு வருடம் சரக்குக் கிடங்கு வாசலில் லாரிகளை எடை போட்டவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. எதைக் கையில் எடுத்தாலும் எடை சொல்வார். மகளின் கைப்பையை வாங்கி ஒருமுறை தூக்கிப் பார்த்தார்.

"மூணே முக்கால் கிலோ. உள்ள என்ன, செங்கல்லா வச்சிருக்க? சாப்பிட்டியா?"

"ஆச்சுப்பா."

"ஆகல. முகத்துலயே எழுதியிருக்கு. உட்காரு, ரொட்டி வாட்டித் தரேன்."

"அப்பா, பதினாலு-சி யாரோடது?"

அவர் அடுப்பைப் பற்றவைத்தார். ரொட்டியைப் புரட்டினார். அவள் இருப்பதையே மறந்துவிட்டவர்போல இன்னொரு முறையும் புரட்டினார்.

"கேட்டது உங்களைத்தான்."

"தெரிஞ்சுதானே கேக்குற. அப்புறம் என்ன?"

"தம்பி உங்க தலையில கட்டிட்டானா?"

"அவனை ஏன் இழுக்குற? இதுல அவனுக்கு ஒரு சம்பந்தமும் இல்ல. திரைச்சீலை மட்டும் அவன் கடையிலதான் வாங்கிப் போட்டேன். அதுவும் குடியிருக்கறவங்க பேர்ல."

"அப்ப யார் சொல்லி வாங்கினீங்க?"

"நீதான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் செய்தாள். அப்பா சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"நீதாம்மா. இதே மேஜையில உட்கார்ந்துதான் சொன்ன. நீ வாங்கறதா இருந்த பன்னெண்டு-ஏவுக்குக் கடன் அப்ப வங்கியில நின்னுக்கிட்டிருந்தது. எண்பது லட்சத்துக்கு மேல ரெண்டு பேர்தான் வாங்கியிருக்காங்க, மூணாவது விற்பனை இல்லாம கடன் வராதுன்னு சொன்ன. இன்னும் ஒருத்தர் அந்த விலைக்கு வாங்கினாப் போதும், மறுநாளே கடன் வந்துரும்னு சொன்ன. சொல்லிட்டு அழுத."

"நான் அழல."

"அழுத. தட்டுல பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது. அட்வான்ஸ் கொடுத்த பணம் போயிடும்னு அழுத." அவர் ரொட்டியைத் தட்டில் வைத்து அவள் பக்கம் நகர்த்தினார். "அதான் மூணாவது ஆளா நான் வாங்கினேன்."

அவள் அந்த இரவு உணவை மறந்தே போயிருந்தாள். ஏதோ அலுப்பில், கடனுக்கு அலைந்த கஷ்டத்தை வீட்டில் கொட்டியது, அவ்வளவுதான். கேட்டவர் அதை மனதில் வைத்துக்கொண்டு வங்கிக்குப் போவார் என்று யார் கண்டது?

"எண்பத்திரண்டு லட்ச ரூபாய் வீட்டுக்கு உங்களுக்கு யாருப்பா கடன் கொடுத்தா? உங்க வயசு என்ன?"

"கேட்டாங்க. சொன்னேன். பரவாயில்லைன்னாங்க. போன்லயே முடிஞ்சது. பதினோரு நிமிஷம், கடிகாரம் பார்த்தேன். நான் ஒரு லாரியை மேடையில ஏத்தி இறக்கவே பதினஞ்சு நிமிஷம் ஆகும்."

"எதை வச்சுக் கொடுத்தாங்க?"

அவர் சமையலறையைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். அதுவே பதில். அவள் பிறந்து வளர்ந்த வீடு அடமானத்தில் இருந்தது.

அப்பாவைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் ஊர் அப்போது எப்படி இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். நான்கு வருடத்துக்கு முன்னால் வியாபாரம் எல்லாம் படுத்துக் கிடந்தபோது, தூக்கி நிறுத்துகிறேன் என்று மத்திய வங்கி வட்டியைக் குறைத்தது. வியாபாரம் எழுந்து உட்கார்ந்த பிறகும் குறைத்துக்கொண்டே போனது. வங்கிகளுக்கு அங்கே பணம் சும்மா கிடைத்த மாதிரி. அதை யார் தலையிலாவது இறக்கியாக வேண்டும் என்று அவர்கள் வீடு வீடாகப் போன் போட்டார்கள். வட்டி குறைந்தால் மாதத் தவணை குறையும். தவணை குறைந்தால் பெரிய கடனாக வாங்கலாம். எல்லோர் கையிலும் பெரிய கடன் இருந்தால் விற்பவன் சும்மா இருப்பானா? அதே நாலு சுவர், அதே ஜன்னல், விலை மட்டும் மாடி ஏறிக்கொண்டே போயிற்று. இது எங்கே போய் முடியும் என்று கேட்டவர்களை வயிற்றெரிச்சல்காரர்கள் என்றார்கள். டேப்பும் அப்படிச் சொன்னவள்தான்.

"வாடகை வருது, அதுல தவணை போகுது, எனக்கொண்ணும் கஷ்டமில்ல" என்றார் அப்பா. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "இன்னிக்குப் பதினோரு மணிக்கு மத்திய வங்கித் தலைவர் பேசுறாரே, வட்டி ஏறுமா?" என்று கேட்டார்.

"தெரியலப்பா."

"ஏறினா?"

"வாங்க ஆள் குறையும். விலை இறங்கும். உங்க கடனுக்கும் கீழ விலை போச்சுன்னா, வித்தியாசத்தை உடனே கட்டுங்கன்னு வங்கி சொல்லும்."

"கட்டலேன்னா?"

அவள் ரொட்டியைப் பிய்த்தாள். வாயில் வைக்கவில்லை.

"லாரியை எடை போடும்போது டிரைவரைக் கீழ இறங்கச் சொல்வேன்" என்றார் அப்பா. "அவனும் உள்ளயே உட்கார்ந்திருந்தா எடை தப்பாக் காட்டும். முப்பத்தோரு வருஷம் ஒருத்தனையும் உட்கார விட்டதில்ல. கடைசியில நானே ஏறி உட்கார்ந்துட்டேன் பாரு."

அவளுக்கு அவர்மேல் கோபம் வரவேண்டியது. வரவில்லை. நூற்றுத் தொண்ணூறு குடும்பங்கள் அந்த எடையை நம்பிக் கடன் வாங்கியிருக்கின்றன. அத்தனையிலும் கையெழுத்து அவளுடையது. எல்லாம் அவள் சாப்பிடாமல் வைத்த அரைத்தட்டுச் சோற்றில் ஆரம்பித்தது.

புறப்படும்போது அப்பா வாசல்வரை வந்தார். "சின்னவன்கிட்ட சொல்லிடாத. அக்காவுக்காக மட்டும் வாங்கினீங்களே, எனக்கென்ன செஞ்சீங்கன்னு சண்டைக்கு வருவான்."

சொல்லக்கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் அவள் தம்பியின் கடைக்குப் போனாள். மனதில் இருப்பதை யாரிடமாவது இறக்கி வைக்காவிட்டால் தலை வெடித்துவிடும்போல் இருந்தது.

தம்பிக்குத் திரைச்சீலைக் கடை. டவர் எழும்ப எழும்ப அவனும் எழுந்தவன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஏழு ஜன்னல், இரண்டு பால்கனிக் கதவு. கடையின் பின்பக்கம் ஆறு தையல் மிஷின்கள் போட்டு, ஓயாமல் ஓடவிட்டிருந்தான். டவர் கட்ட ஆரம்பித்த காலத்திலேயே, நாற்பத்தொரு லட்சத்துக்கு அங்கே ஒரு வீடும் வாங்கிப்போட்டான். அப்போது, இவனுக்கென்ன பைத்தியமா என்று சிரித்தவளும் டேப்புதான்.

இன்று இரண்டு மிஷின்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன. மற்ற நான்குக்கும் உறை போட்டிருந்தது.

"வாக்கா. சரியான நேரத்துக்கு வந்துட்ட. இதோ ஆரம்பிக்கப் போறாங்க."

துணிச் சுருள்களின்மேல் சாய்த்து வைத்திருந்த போனில் மத்திய வங்கித் தலைவர் தெரிந்தார். தண்ணீர் குடித்தார். கண்ணாடியைத் துடைத்தார். நிதானமான குரலில், விலைவாசி, பொறுப்பு, நெடுங்கால நன்மை என்று ஆறேழு நிமிடம் பேசிவிட்டு, நடுவில் ஒரு வாக்கியமாக அதைச் சொன்னார். வட்டி ஒரே தடவையில் இரண்டு சதவீதம் ஏறுகிறது. இதோடு நிற்காது, இன்னும் ஏறலாம்.

தையல்காரப் பெண்கள் இருவரும் மிஷினை நிறுத்திவிட்டு முதலாளியைப் பார்த்தார்கள்.

தம்பி கத்தரிக்கோலை நிறுத்தவில்லை. சாம்பல் நிறத் துணி ஒன்றைக் கோடு பிசகாமல் வெட்டி முடித்து, மடித்து, சீட்டுக் குத்தி வைத்தான்.

"என்னடா, கல்லு மாதிரி நிக்கிற? உனக்குப் பயமா இல்லையா?"

"பயந்து என்ன ஆகப்போகுது?"

"உனக்கும் அங்க வீடு இருக்கில்ல?"

"நீ தண்ணி குடி முதல்ல. உனக்கு வேர்த்துக் கொட்டுது." ஒரு பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து நீட்டினான். அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, சீட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டான். "உங்க ஆபீஸ் பட்டியல்ல ஒரு விற்பனை வந்து ஏற எத்தனை நாள் ஆகும்?"

"பத்திரம் பதிஞ்சு ரெண்டு நாள். ஏன்?"

"சும்மாதான்."

ஏதோ சொல்ல வாயெடுத்தான். "அக்கா, நீயும் அந்தப் பன்னெண்டு-ஏவை..." என்று ஆரம்பித்தான். அதற்குள் அவள் போன் அடித்தது. உடனே வரும்படி ஆபீஸ். அவன் சொல்லவந்தது நின்றுவிட்டது. அவளும் அப்பா விஷயத்தைச் சொல்லாமலே எழுந்தாள். தெருவில் நடக்கும்போது, நம் வீட்டில் ஒருத்தனுக்காவது நெஞ்சுரம் இருக்கிறதே என்று அவள் மனம் கொஞ்சம் ஆறுதல்பட்டது. பாவம்.

ஆபீஸில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள், யாரும் வேலை செய்யவில்லை. மேலாளரை முதுகுக்குப் பின்னால் அவர்கள் நெற்றிக்கண்ணாடி என்பார்கள். கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான் இருக்கும், கண்ணுக்கு இறங்கினால் விஷயம் பெரிது என்று அர்த்தம். இன்று இறங்கியிருந்தது.

"வங்கி மெயில் அனுப்பிடுச்சு மேடம். டவர் மொத்தத்துக்கும் புது மதிப்பு. பெரிய கடன்லருந்து ஆரம்பிக்கச் சொல்றாங்க. முதல்ல பதினாலு-சி. அஞ்சு மணிக்குள்ள அது மட்டுமாவது போயாகணும்."

படிவத்தின் கடைசியில் ஒரு கட்டம் உண்டு. இந்த வீட்டோடு மதிப்பீட்டாளருக்கு உறவுண்டா? நூற்றுத் தொண்ணூறு தடவை 'இல்லை' என்று எழுதியவள், மேலாளரின் அறைக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள்.

"சார், பதினாலு-சி எங்க அப்பாவோடது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எப்ப தெரியும்?"

"போன வாரம்."

"போன வாரமே சொல்லியிருக்கணும். இப்ப சொன்னா அதை வச்சு எழுதின அத்தனை ரிப்போர்ட்டும் குப்பை. உங்க லைசென்ஸ் போகும், என் ஆபீஸும் போகும்." கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எழுத்துல கொடுங்க. நாளைக்குக் கமிட்டி பார்க்கட்டும். இந்த டவர் கணக்கு தெரிஞ்ச வேற ஆள் இன்னிக்கு எனக்குக் கிடையாது. பட்டியலைப் பார்த்து நீங்க டைப் பண்ணுங்க, கையெழுத்து நான் போடுறேன். யார் டைப் பண்ணினா என்ன? விலை மாறிடப் போறதில்ல."

"இந்த ஆறு மாசத்துல அங்க விற்பனையே இல்லையே சார். மூணு காலுக்கு எங்க போறது? மூணு கிடைக்காம மதிப்பு மாத்த முடியாதில்ல?"

அந்த ஒரு நிமிடம் அவளுக்கு நம்பிக்கை துளிர்விட்டது. எந்த விதியை அன்று திட்டி அழுதாளோ, அதே விதி இன்று அப்பா வீட்டைக் காப்பாற்றலாம். மூன்று பேர் குறைந்த விலைக்கு விற்க மாதக்கணக்காகும். அதற்குள் ஏதாவது செய்துகொள்ளலாம்.

நெற்றிக்கண்ணாடி மெயிலைத் திருப்பிக் காட்டினார்.

"மூணாவது பத்தியைப் படிங்க. இன்னிலேருந்து கடைசி விற்பனை ஒண்ணே போதுமாம். ஏறும்போது மூணு கேட்டாங்க. இறங்கும்போது ஒண்ணே போதும்ங்கறாங்க. நானும் இருபத்தாறு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், இப்படி ஒரு கூத்தைப் பார்த்ததில்ல."

அவள் தன் மேஜைக்கு வந்து பட்டியலைத் திறந்தாள். ஒன்றும் இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டாள்.

ஒன்று இருந்தது.

ஒன்பது-பி. செவ்வாய்க்கிழமை பத்திரம் பதிந்திருக்கிறது. விலை நாற்பத்தொன்பது லட்சம்.

வாங்கியவர் பெயர் இல்லை. விற்றவர் பெயரும் இல்லை. ஒன்பது-பி யாருடையது என்று அவளுக்கு யார் சொல்ல வேண்டும்? அதன் சாவி கைக்கு வந்த அன்று அவளும் கூடப் போயிருந்தாள். தம்பி ஜன்னலைத் திறந்து, கீழே நின்றிருந்த அப்பாவை ஒன்பது மாடிக்கும் கேட்கும்படி கூப்பிட்டான். அப்பா தலையை அண்ணாந்து, கையை நெற்றிக்கு வைத்துக்கொண்டு, எந்த ஜன்னல் என்று தேடிக்கொண்டே இருந்தார்.

நாற்பத்தொன்றுக்கு வாங்கியவன் நாற்பத்தொன்பதுக்குத் தள்ளிவிட்டான். எட்டு லட்சம் லாபம். ஊருக்கு முன்னால், அறிவிப்புக்கு இரண்டு நாள் முன்னால், ஓசைப்படாமல் கழன்றுகொண்டான். டவரை மறுபடியும் மதிப்புப் போடப்போகிறார்கள் என்று அவனிடம் சொன்னது யார்? அவள்தான். விலை ஏறுவதற்கும் அவள் வாய்தான் காரணம், இறங்குவதற்கும் அவள் வாய்தான் காரணம்.

கத்தரிக்கோல் நிற்காமல் ஓடியது அவள் கண்முன் வந்தது. அதை நெஞ்சுரம் என்று நினைத்தாளே! இன்னொன்றும் நினைவுக்கு வந்தது, அதுதான் அவளை ஆட்டிவிட்டது. பதினான்கு-சிக்குத் திரைச்சீலை அவன் கடையிலிருந்து போயிருக்கிறது. கம்பி மாட்ட ஏணியில் ஏறுகிறவன் அவன்தான். வீட்டுச் சொந்தக்காரர் யார் என்று குடியிருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலா இறங்கி வந்திருப்பான்?

அவள் டைப் செய்தாள். வீட்டு எண், பரப்பு, மாடி. விலை இருந்த இடத்தில் எண்பத்திரண்டை அழித்து நாற்பத்தொன்பது என்று அடித்தாள். இரண்டு முறை எண் தப்பாக விழுந்து, திருத்த வேண்டியிருந்தது. அப்பாவின் கடன் அறுபத்தைந்து லட்சத்துக்குக் குறையாமல் இருக்கும். மீதி எங்கே போய்க் கட்டுவார்?

நாலே முக்காலுக்கு அப்பா கூப்பிட்டார்.

"டேப்பு, டி.வி.ல என்னென்னவோ சொல்றாங்களே. நம்ம முக்காலி நிக்குதா?"

"ஒரு கால்தாம்பா கிடைச்சிருக்கு."

"என்ன விலை?"

"நாப்பத்தொன்பது."

அந்தப் பக்கம் குழாயிலிருந்து தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவர் அதை மூட மறந்திருந்தார்.

"சரி. ஒண்ணுதானே? மூணு வேணும்ல? இன்னும் ரெண்டு பேர் அந்த விலைக்கு விக்கறவரைக்கும் நமக்கு நேரம் இருக்கு." தனக்குத் தானே தைரியம் சொல்லிக்கொள்ளும் குரல். "அந்த ஒருத்தரையும் போய்ப் பார்த்துப் பேசிட்டா, கையைக் காலைப் பிடிச்சாவது திரும்ப வாங்கிக்கச் சொல்லலாம். யாரும்மா வித்தது?"

"பட்டியல்ல பேர் இருக்காதுப்பா."

"வீட்டு நம்பர் இருக்குமே?"

நம்பர் திரையில் இருந்தது. இத்தனை வருடத்தில் தெரிந்து ஒரு பொய்க் கணக்கும் சொல்லாதவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நம்பர் இன்னும் ஏறலப்பா."

"பரவாயில்ல, விடு. சின்னவனைக் கேட்டா ஒரு நிமிஷத்துல சொல்லிடுவான். அந்தக் கட்டடத்துல அவனுக்குத் தெரியாத வீடே இல்ல. நீ வேலையைப் பாரு."

"அப்பா, இருங்க, அவனை..."

வைத்துவிட்டார்.

மேலாளர் அறையிலிருந்து பிரிண்டர் ஓடும் சத்தம் வந்தது. அவள் அவசர அவசரமாகத் தம்பியின் எண்ணை அழுத்தினாள். அவன் வேறொரு அழைப்பில் இருந்தான். அப்பாவின் எண்ணை அழுத்தினாள். அவரும் வேறொரு அழைப்பில் இருந்தார்.